முதல் பம்ப் கன்னுக்கு எந்தச் சைட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் நம்மில் பலர் பம்ப் கன்னை, அதாவது குழலுக்குக் கீழே உள்ள பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கியை, முதன்முதலில் பார்த்தது நகைக்கடை வாசலில், காவல் நிற்கும் ஜாகாவின் தோளில். சொந்தப் பெயரில் லெசன், அதாவது உரிமம், எடுத்து வைத்திருப்பவர்கள் சிறு கூட்டம்தான்: பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் செம்பனை போட்டவர்கள், பாலிக் புலாவில் டுரியான் தோப்பு வைத்திருப்பவர்கள், களிமண் தட்டு சுடும் விளையாட்டில் இறங்கிய சில பிள்ளைகள். நான் பழகியது அப்பாவின் செனாப்பாங் பாத்தாவில், அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் பழைய துப்பாக்கியில். பம்ப் கன் பிறகுதான் கைக்கு வந்தது. லெசன் கிடைத்த மறுவாரமே யாராவது போன் போட்டு, "அண்ணே, எந்தச் சைட் மாட்டலாம்?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

சைட் என்று நீங்கள் சொல்வது எதை?

குறி பார்க்க உதவும் எதுவும் சைட்தான். குழலின் நுனியில் மிளகு அளவுக்குப் பித்தளையில் ஒரு மணி இருக்கிறதே, அதுவும் சைட். கடைக்காரர்கள் அதை 'பீட்' என்பார்கள். இதற்கு மேல் போனால் ரைஃபிள் மாதிரி முன்னும் பின்னும் உள்ள சைட், 'கோஸ்ட் ரிங்' என்ற வளையம், கண்ணாடிக்குள் ஒரு புள்ளி காட்டி, பேட்டரியில் எரியும் 'ரெட் டாட்'. வேறு பெயர்களில் விற்பவை எல்லாம் பெரும்பாலும் இந்த நான்கின் உறவுக்காரர்கள்.

ரவைதான் சிதறிப் போகிறதே, குறி எதற்கு?

சினிமா பார்த்துக் கெட்டுப்போன கேள்வி. தோட்டாவிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் சின்ன ஈயக்குண்டுகள், அதாவது ரவை, அவ்வளவு சிதறாது. சோக், அதாவது குழல் நுனியில் ரவையை நெருக்கும் குறுக்கம், இல்லாத நேர்க்குழலில் பெரிய ரவைக்குப் பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு, கெஜத்துக்கு ஓர் அங்குலம். 10 கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு. 5 கெஜத்தில் உள்ளங்கைக்கு மேல் கொஞ்சம். பெரிய ரவை போட்ட எஸ்ஜி தோட்டாவில் ஒவ்வொரு ரவையும் சுமார் 8.4 மில்லிமீட்டர் தடிமன். தட்டு அளவு வட்டத்துக்குள் ஏறத்தாழ 9 ரவைதான் போகிறது என்றால், வட்டம் ஓரடி தள்ளிப் போனால் எதிரே நிற்கும் காட்டுப்பன்றிக்கு ஒன்றுமில்லை. அதைவிட மோசம், ஒரே ஒரு ரவை வயிற்றில் பட்டு அது புதருக்குள் ஓடிச் சாவது. குறி வேண்டும்தான்.

சரி, முதல் துப்பாக்கிக்கு எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். கூடவே வந்த மணியோடு ஒரு வருடம் சுடுங்கள்.

இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். ஏதோ கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. ரைஃபிளுக்குப் பின்னால் ஒரு சைட், முன்னால் ஒரு சைட். பம்ப் கன்னுக்கு முன்னால் மட்டும் மணி; பின்னால் இருக்க வேண்டிய சைட் எங்கே? உங்கள் கண்தான் அது. கண் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது கன்னம். கன்னம் எங்கே படிகிறது என்பதைத் தீர்மானிப்பது தோள்கட்டையின் நீளமும் உயரமும். கட்டை பொருந்தாத துப்பாக்கியில் எவ்வளவு விலை கொடுத்து எதை மாட்டினாலும், உடையாத பல்லுக்குத் தங்கப்பல் கட்டியது மாதிரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 அங்குலக் குழல் என்றால் கண்ணிலிருந்து மணிவரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கன்னம் சரியாக அழுந்தாமல் கண் 3 மில்லிமீட்டர் மேலே நின்றால், 30 மீட்டர் தூரத்தில் ரவைக்கூட்டம் சுமார் 9 சென்டிமீட்டர் மேலே போய்விடும். காவல் வேலைக்கு வரும் 18.5 அங்குலக் குட்டைக் குழலில் அதே 3 மில்லிமீட்டருக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். குழல் குட்டையாக ஆக, கன்னத்தின் தப்பு பெரிதாகத் தெரியும். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கண் எந்தப் பக்கம் விலகுகிறதோ, ரவையும் அந்தப் பக்கமே போகும்.

கட்டை எனக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். பம்ப் கன்னில் தோட்டா வெடிக்கும் அறை காலியாக இருந்தாலும் குழலுக்குக் கீழே உள்ள நீளக்குழாயில் தோட்டா ஒளிந்திருக்கும். ஒரு முறை பம்ப் செய்தால் அது மேலே ஏறிவிடும். அதனால் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல், விரல் விட்டும் இரண்டையும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் நிற்கும் வீட்டறையிலேயே இருக்கக் கூடாது.

பிறகு சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தை ஒட்டுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். மணி மட்டும், குழலின் மேற்பரப்பு ஒரு கோடாக, நேர் நடுவில் தெரிந்தால் கட்டை உங்களுக்காகச் செய்தது. குழலுக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டி, அதாவது ரிசீவர், அதன் முதுகு மட்டும் தெரிந்து மணி மறைந்தால் தலை தாழ்ந்திருக்கிறது. குழல் முழுக்க ரோடு மாதிரி நீண்டு தெரிந்தால் தலை உயர்ந்திருக்கிறது. பத்துத் தடவை செய்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளின் கட்டை நம் ஆட்களில் பலருக்குக் கொஞ்சம் நீளம். என் மைத்துனரின் துப்பாக்கியில் கட்டையின் முனையில் மாட்டியிருந்த ரப்பர் தட்டைக் கழற்றி மெல்லியதாகப் போட்டதோடு பாதி வியாதி போயிற்று.

எந்தக் கண்ணால் பார்ப்பது?

இதை யாரும் கேட்பதே இல்லை, நானே சேர்த்தது. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சின்ன முக்கோணம் செய்து, இரு கண்களும் திறந்தபடி தூரத்தில் உள்ள கடிகாரத்தை அதற்குள் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே நின்றால், திறந்திருக்கும் கண்தான் உங்கள் ஆளும் கண். வலது தோளில் சுடுபவருக்கு ஆளும் கண் இடது என்றால், மணியை இடது கண் பிடித்துக்கொள்ளும், ரவை இடப்பக்கம் போகும். இதற்கு மூன்று வழி: இடது தோளுக்கு மாறுவது, சுடும்போது இடது கண்ணை மூடுவது, மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் சிறு டேப் ஒட்டுவது. இளம் வயது என்றால் தோளை மாற்றச் சொல்வேன். நாற்பதுக்கு மேல் டேப் போதும்.

சில துப்பாக்கியில் நடுவிலும் ஒரு மணி இருக்கிறதே?

நுனியில் பெரியது, நடுவில் சின்னது. கன்னம் சரியாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி '8' மாதிரித் தெரியும். குறி பார்க்க என்பதைவிட, தலையைச் சரியாக வைத்தோமா என்று நமக்கு நாமே சோதிக்க வைத்தது அது. தட்டு பறக்கும்போது இதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தட்டு போய்விடும்; பார்வை தட்டில்தான் இருக்க வேண்டும், மணி ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

ஃபைபர் மணி நல்லதா?

நல்லதுதான். பச்சை, சிவப்பு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை வாங்கி நுனியில் காட்டும். பேட்டரி இல்லை. வெட்டவெளியில் பளிச்சென்று இருக்கும். ஆனால் செம்பனை மட்டைகள் கவிந்த அடித்தோட்டத்தில், விடியற்காலை, வாங்கிக்கொள்ள வெளிச்சமே இல்லாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக். அங்கே வெள்ளை மணியும் அதுவும் ஒன்றுதான். குச்சி உடையும், எனவே மாற்றுக் குச்சியோடு வருவதை வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பழைய மணியின் திருகு அளவு எது என்று பார்த்துக்கொண்டு போங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கோஸ்ட் ரிங் என்றால் பேயா?

பெயர்க்காரணம் கிட்டத்தட்ட அதுதான். பின்னால் ஒரு மெல்லிய பெரிய வளையம், முன்னால் ஒரு தடித்த முள். வளையத்துக்குள் கண்ணை வைத்து முள்ளைப் பார்த்தால், வளையம் மங்கிக் காணாமல் போன மாதிரி ஆகிவிடும். மனிதக் கண் வட்டத்துக்குள் உள்ளதைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவரும். அந்த இயல்பைத்தான் இது பயன்படுத்துகிறது.

யாருக்கு வேண்டும்? ரவைக்குப் பதில் ஒற்றைக் குண்டு, அதாவது 'ஸ்லக்' சுடுபவருக்கு. 12 கேஜ் என்ற குழல் அளவுக்கு வரும் வழக்கமான ஸ்லக் ஓர் அவுன்ஸ், 28 கிராம் ஈயம். ஒற்றைக் குண்டுக்குச் சிதறல் கிடையாது, எனவே மன்னிப்பும் கிடையாது. மணியை மட்டும் வைத்து 40, 50 மீட்டருக்கு மேல் நான் நம்ப மாட்டேன். கோஸ்ட் ரிங் அல்லது ரைஃபிள் சைட் இருந்தால் 75 மீட்டர்வரை பேசலாம். அதே துப்பாக்கியால் பறக்கும் தட்டையும் சுட வேண்டும் என்றால் இந்த வளையம் குறுக்கே நிற்கும். தட்டுக்காரர்களுக்கு வேண்டாம்.

சரிசெய்யும் விதி எளிது. பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன் சைட் என்றால் அதற்கு நேர் எதிர். இதை மாற்றி நினைத்துக்கொண்டு ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கியவர்கள் வரிசையில் நானும் உண்டு.

எல்லோரும் ரெட் டாட் என்கிறார்களே, அதையே நேராக மாட்டிவிட்டால் என்ன?

மாட்டலாம். அதில் கெட்டது ஒன்றுமில்லை, கேட்கிற ஆட்களைப் பொறுத்துத்தான் என் பதில் மாறும்.

ரெட் டாட்டின் பெரிய வசதி, பார்வையை இலக்கிலேயே வைத்துக்கொண்டு இரண்டு கண்ணும் திறந்து சுடலாம். புள்ளி இலக்கின் தூரத்திலேயே மிதப்பது மாதிரித் தெரியும். நாற்பதைத் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில் எழுத்து மங்கத் தொடங்கியவர்களுக்கு இது வரம். மணியும் மங்கல், பின் சைட் இன்னும் மங்கல் என்று தவிப்பவர்களுக்கு, கண்ணாடி மாற்றுவதற்கு அடுத்தபடி நான் சொல்வது இதைத்தான்.

புள்ளி அளவு 'எம்ஓஏ' என்ற கணக்கில் இருக்கும். 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். ஆக 3 எம்ஓஏ புள்ளி 50 மீட்டரில் நாலரை சென்டிமீட்டர் அளவை மறைக்கும், ஸ்லக்குக்குப் போதும். ரவைக்கு 6 எம்ஓஏ பெரிய புள்ளி வேகமாகக் கண்ணில் படும். திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ என்றால், 25 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒரு சாண் தள்ளிப் போகும் குண்டை மூன்று கிளிக்கில் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இப்போது தொல்லைகள். ஒன்று, உயரம். ரிசீவர் மேல் சைட்டைப் பூட்டும் தண்டவாளம், அதன் மேல் ரெட் டாட் என்று அடுக்கினால் புள்ளி மணியைவிட வெகு உயரம். கன்னம் இருந்த இடத்தில் தாடைதான் படும். முன்பு சொன்ன கன்னக் கதை முழுவதும் வீணாகிவிடும். முடிந்தவரை தாழ்வான மவுண்ட், அதாவது சைட்டைத் தாங்கும் பாகம், இல்லாவிட்டால் கட்டையின் மேல் கட்டும் கன்னத்திண்டு.

இரண்டு, சிலருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி தெரியும். சைட்டைக் குறை சொல்லிக் கடைக்கு ஓடுவதற்கு முன் கைப்பேசியில் அந்தப் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கண்ணில், அஸ்டிக்மேட்டிசம். முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் வால் போகாதவர்களுக்கு கோஸ்ட் ரிங் நல்லது.

மூன்று, சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதை. 12 கேஜ் உதைக்கு மலிவான சைட்டின் உள்பாகங்கள் தாங்காது. பொம்மைத் துப்பாக்கிக்கென்று விற்பதை இதில் மாட்டி, புள்ளி எரிந்து கொண்டே இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032 என்ற காசு வடிவம். எந்த மினி மார்க்கெட்டிலும் கிடைக்கும். வருடம் ஒரு முறை, லெசன் புதுப்பிக்கும் மாதத்திலேயே மாற்றிவிட்டால் மறக்காது.

என் துப்பாக்கியில் துளை இல்லை. எப்படி மாட்டுவது?

துப்பாக்கியைப் பொறுத்தது. மோஸ்பெர்க் 500 வகையில் ரிசீவரின் மேல் துளைகள் போட்டே வரும். 1950 முதல் வரும் ரெமிங்டன் 870 வகையில், பழையவை பலவற்றில் மேலே துளை இருக்காது. அப்போது சேணம் மாதிரி ரிசீவரைப் பக்கவாட்டில் கவ்வும் மவுண்ட் விற்பார்கள்.

அதை முறுக்குவதில்தான் விஷயம். எனக்கு மாட்டிக்கொடுத்த கடையில் பையன் பலம் காட்டி முறுக்கிவிட்டான். வீட்டுக்கு வந்து பம்ப் செய்தால் பாதி வழியில் நின்றது. சைட்டில் கோளாறு, துப்பாக்கியில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் வெண்ணெய் மாதிரி ஓடியது. ரிசீவரின் பக்கச் சுவர்கள் உள்ளே நெருக்கப்பட்டால் உள்ளிருக்கும் பாகங்கள் உரசும், அவ்வளவுதான். எனவே முறுக்கிய உடனே இருபது தடவை வெறுமனே பம்ப் செய்து பாருங்கள். திருகு தளராமல் இருக்க, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி. சிவப்புப் பசை வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் கழற்ற முடியும்.

துளை புதிதாகப் போட வேண்டும் என்றால் வீட்டு டிரில் கூடவே கூடாது. லெசன் உள்ள துப்பாக்கிக் கடையில் மட்டும்.

ஸ்கோப், லேசர், டார்ச்?

ஸ்கோப்: வேண்டாம். உதையில் புருவம் கிழியும். லேசர்: வேண்டாம். டார்ச்: அது சைட் இல்லை. வேட்டை லெசனில் நேரத்தைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

மாட்டியாயிற்று. எங்கே சுட்டுப் பார்ப்பது?

தோட்டத்தின் மூலையில் இல்லை. லெசன் எந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான். அனுமதி பெற்ற லாப்பாங் சாசாருக்கு, அதாவது துப்பாக்கி சுடும் தளத்துக்கு, போங்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிப் போட்டிகள் நடந்த தளம் லங்காவியில்தான் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கம் போகிறவர்களுக்கு சுபாங்.

பெரிய தாள் ஒன்றை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, நீங்கள் உண்மையில் சுடப்போகும் தூரத்திலிருந்து சுடுங்கள். சோக்கை ஒப்பிடும் வழக்கமான முறை: 40 கெஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல வட்டம். நேர்க்குழல் தன் ரவையில் 40 விழுக்காட்டை அந்த வட்டத்துக்குள் போடும். குறுக்கம் கூடக் கூட அளவும் கூடும்: இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் 50, மாடிஃபைட் 60, ஃபுல் 70. வட்டத்தின் நடு, நீங்கள் வைத்த புள்ளிக்கு மேலேயா, பக்கத்திலா என்று பார்ப்பதுதான் சைட் சோதனை. ஒரே தாளில் முடிவு கட்டாதீர்கள், குறைந்தது மூன்று. தோட்டாப் பிராண்ட் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. ஒரே எஸ்ஜி, இரண்டு பிராண்ட், இரண்டு விதமான தாள் என்பதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

முதல் வருடத்தில் சைட்டுக்கு ஒதுக்கிய பணத்தைத் தோட்டாவுக்குப் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான். லெசனில் தோட்டாவுக்கும் எண்ணிக்கை உண்டு, அதற்குள் கணக்காகச் செலவழியுங்கள்.

சைட்டை இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

ஆசை வேண்டாம். ஆயுதச் சட்டம் 1960, அதற்கு மேல் 1971-இன் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டம் என்று நம் நாட்டில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. லெசன் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 வருடம்வரை சிறையும் பிரம்படியும் உண்டு. சைட் என்பது ஒரு கண்ணாடித் துண்டுதானே என்று நீங்கள் நினைக்கலாம், பார்சலைத் திறக்கும் சுங்க அதிகாரி அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மாவட்டக் காவல் தலைமையகத்தில் லெசன் பிரிவில் நேரில் கேட்டு, லெசன் உள்ள கடை வழியாகவே வாங்குங்கள். பன்றி, குரங்கு என்று எதைச் சுடுவதாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 தனியாக இருக்கிறது, அதற்கு 'பெர்ஹிலித்தான்' என்ற வனவிலங்குத் துறையிடம் போக வேண்டும். போலீஸ் லெசன் கையில் இருப்பது பெர்ஹிலித்தான் லெசன் ஆகாது.

டிரிட்டியம் சைட் இருட்டில் தானே ஒளிருமாமே?

ஒளிரும். கதிரியக்க வாயு, 12 வருடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் ஒளி பாதியாகிவிடும். இருட்டில் மணி தெரியும், எதிரே நிற்பது பன்றியா பக்கத்துத் தோட்டத்து ஆளா என்பது தெரியாது. எனக்கு அதில் விருப்பமில்லை.

நம் ஊர் ஈரத்துக்கு எது தாங்கும்?

பித்தளை மணி தாத்தா காலத்துக்கும் தாங்கும். இரும்பு கோஸ்ட் ரிங்கில் வியர்வை பட்ட இடத்தில் ஒரே வாரத்தில் செம்புள்ளி வந்துவிடும். துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. வளையத்தின் உட்புறத்தை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

ரெட் டாட்டுக்கு எதிரி மழையைவிடப் பூஞ்சை. கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் படருமே, அதேதான். துணிப் பையிலோ ஸ்பாஞ்ச் பெட்டியிலோ மாதக்கணக்கில் மூடி வைத்தால் கட்டாயம் வரும். துப்பாக்கிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடுகிறேன். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று வீட்டில் தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.